தோள் உயராதபோது

வெதுருகுப்பம் பக்கத்து மாந்தோப்புகளில் அறுவடைக் காலம் வந்தால், காய் பறிப்போர் கைகளைத் தலைக்கு மேல் ஏந்தியே பொழுதைக் கழிக்கின்றனர். அவ்வுழைப்பைத் தாங்கும் தோள்மூட்டு, ஆழமற்ற குழியில் அமர்ந்த பந்து போன்றது. அதை நிலைநிறுத்துவது பெரும்பாலும் எலும்பன்று. சுற்றியுள்ள நான்கு தசைகளும் அவற்றின் நாண்களுமே.

நாண் கிழிந்தால் கை தானாக உயராது. பிறர் தூக்கிவிட்டால் உயரும். மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்கினாலோ, யார் தூக்கினும் உயராது. பின்னதற்கு 1934இல் ‘உறைந்த தோள்’ எனப் பெயரிட்டவர் அமெரிக்க மருத்துவர் காட்மன். மருத்துவர் முதலில் நம்மையே கையை உயர்த்தச் சொல்லி, பின்னர் தாமே அசைத்துப் பார்ப்பது இவ்வேறுபாட்டை அறியத்தான். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்புறமாகத் திருப்பியும் பார்ப்பார். உறைந்த தோளில் மிகுதியும் தடைபடுவது இவ்வசைவே. ‘எக்ஸ்ரே எடுத்தால் போதும்’ என நாம் கேட்பது சரியன்று. இவ்விரு நோய்களிலும் எக்ஸ்ரே பழுதின்றித் தோன்றக்கூடும்.

உறைந்த தோள் நீரிழிவு உள்ளோரை மிகுதியாகப் பற்றும். ஆகவே தோள்வலிக்குச் சென்ற இடத்தில் சர்க்கரைப் பரிசோதனை கேட்டால் வியக்க வேண்டா. வலிக்கு அஞ்சிக் கையை மாதக்கணக்கில் அசைக்காதிருப்பது இறுக்கத்தையே வளர்க்கும். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்ட் மருத்துவமனை எலும்பு, மூட்டுச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது.

இடத்தோள் வலியோடு மார்பு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால், அது மாரடைப்பாக இருக்கலாம். தாமதியாமல் 108ஐ அழைக்க வேண்டும்.