குடிநீருக்கு வந்த பணத்தில் ரோடு போடலாமா?

கேள்வி: எங்கள் ஊராட்சிக்கு 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கென்று வந்த பணத்தில் ஒரு பகுதி செலவாகாமலே கிடக்கிறது. டெண்டர் எடுக்க ஆள் வரவில்லை, குழாய் போகும் வழியில் வனத்துறை நிலம் குறுக்கிடுகிறது என்று காரணம் சொல்கிறார்கள். இப்போது அந்தப் பணத்தில் சிமென்ட் ரோடு போட்டுவிடலாம், கிராம சபையில் தீர்மானம் வைத்தால் போதும் என்கிறார்கள். இல்லாவிட்டால் மார்ச்சோடு பணம் திரும்பிப் போய்விடும், அல்லது கீழ்நாட்டு ஊராட்சி ஒன்றுக்கு மாற்றிவிடுவார்கள் என்றும் பேச்சு. இது சரியா? நாங்கள் என்ன செய்யலாம்?
– வாசகர், கொல்லிமலை

பதில்: சரியல்ல. குடிநீருக்கென்று வந்த தொகையில் ரோடு போட முடியாது. கிராம சபை ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் முடியாது. அதைச் சுகாதாரப் பணிக்கு மாற்ற ஒரு வழி உண்டு. ஆனால் அதற்கான நிபந்தனை உங்கள் ஊரில் நிறைவேறியதாக உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. வேறு ஊராட்சிக்குக் கொண்டுபோவது என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

முதலில் இந்த மானியம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு இந்தியா முழுவதும் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 15-ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த தொகை 2,36,805 கோடி ரூபாய். இதில் 40 சதவீதம் கட்டுப்பாடற்ற மானியம். சம்பளம், நிர்வாகச் செலவு தவிர, அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணையில் உள்ள 29 பொருள்களில் ஊருக்குத் தேவையான எதற்கும் அதைச் செலவிடலாம். மீதி 60 சதவீதம் நோக்கம் கட்டிய மானியம். அதில் ஒரு பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மறு பாதி சுகாதாரத்துக்கும் திறந்தவெளிக் கழிப்பிடமற்ற நிலையைப் பேணுவதற்கும். ரோடு முதல் வகைப் பணத்தில் வரலாம், இரண்டாம் வகையில் வராது. ‘ஒரே ஊராட்சிப் பணம்தானே’ என்று பலர் நினைப்பதற்குக் காரணம், பணம் கைக்கு வந்தபின் அதன் மேல் ஒட்டியிருந்த நிபந்தனை யார் கண்ணிலும் படாமல் போவதுதான். சட்டத்தின் கண்ணில் நிபந்தனை பணத்தோடேயே இருக்கிறது. பணம் எத்தனை நாள் சும்மா கிடந்தாலும் அது கழன்றுவிடுவதில்லை.

இந்த இரண்டு பாதிகளுக்கு இடையில் மட்டும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. குடிநீர்த் தேவை முழுமையாக நிறைவேறி, இனி அந்த இனத்தில் பணமே வேண்டாம் என்ற நிலை வந்துவிட்டால், மிஞ்சியதைச் சுகாதாரத்துக்குச் செலவிடலாம், அதுபோலவே மறுபக்கமும். தேவை நிறைவேறிவிட்டது என்று கிராம சபை சான்று தர வேண்டும், மேற்பார்வை அதிகாரியோ மாநில அரசோ அதை உறுதி செய்ய வேண்டும். இந்த நிபந்தனையைக் கவனமாகப் படியுங்கள். ‘செலவாகவில்லை’ என்பது இங்கே காரணமே ஆகாது. ‘தேவை தீர்ந்தது’ என்பதே காரணம். உங்கள் ஊரில் பணம் மிஞ்சியது வேலை நடக்காததால். ஊற்றுக்கும் ஓடைக்கும் குடத்தோடு நடக்கிற பட்டி ஒன்று உங்கள் ஊராட்சியில் இருக்குமானால், குடிநீர்த் தேவை முடிந்தது என்ற சான்று பொய்ச் சான்று. அதில் கையெழுத்திட்டவரும் உறுதி செய்தவரும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ஊர் மக்களே கூடி முடிவெடுத்தால் அதைத் தடுக்க யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதிலும் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் கொல்லிமலையில் அது இன்னும் வலுவாகக் கேட்கும். ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை; அதனால் பழங்குடிப் பகுதிக் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டு பெசா சட்டம் கொல்லிமலைக்குப் பொருந்தாது. அது பெருங்குறை என்பது என் கருத்து. ஆனால் பொருந்தியிருந்தாலும்கூட, கொடுத்தவர் விதித்த நோக்கத்தை வாங்கியவர் தனியாக மாற்ற அந்தச் சட்டமும் அனுமதிக்காது. கிராம சபையின் அதிகாரம், அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்குள் எந்தப் பட்டிக்கு முதலில், எந்த ஊற்றிலிருந்து, எந்த வழியாக என்று முடிவு செய்வது. அதுவே சின்ன அதிகாரமல்ல. அமெரிக்காவில் நகர நிர்வாகங்களுக்கு 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழங்கப்படும் சமூக வளர்ச்சி மானியத்திலும் இதே தர்க்கம்தான். செலவாகாத தொகையை வேறு வேலைக்கு முக்கியமான அளவில் மாற்ற நினைத்தால், நகராட்சி முன்கூட்டியே அறிவித்து, மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். மாற்றும் வேலையும் அந்த மானியம் அனுமதிக்கிற வேலையாகவே இருக்க வேண்டும்.

இன்னொரு வாதமும் காதில் விழுந்திருக்கும்: ஊராட்சி மன்றமே இல்லை, தனி அலுவலர் சொன்னால் முடிந்தது என்று. 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம், நாமக்கல் மாவட்டம் உட்பட, 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தது உண்மை. ஆனால் தனி அலுவலர் வருவது மன்றத்தின் இடத்துக்கு. கிராம சபை வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் சேர்ந்தது. அதற்குப் பதவிக்காலமும் கிடையாது, மாற்று ஆளும் கிடையாது. சபை தர வேண்டிய சான்றைத் தனி அலுவலர் தர முடியாது.

மார்ச் மாதப் பயத்துக்கு வருவோம். அரசுக் கருவூலத்திலிருந்து எடுக்கப்படாத பட்ஜெட் ஒதுக்கீடுதான் மார்ச் 31-இல் காலாவதியாகும். ஊராட்சியின் கணக்குக்கு வந்துவிட்ட நிதிக்குழு மானியத்தின் இருப்பு, அடுத்த ஆண்டின் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் தொடக்க இருப்பாகக் காட்டப்பட வேண்டியது. ஆண்டு முடிவு என்பதாலேயே அது மறைந்துவிடாது. பணத்தை வருடக்கணக்கில் முடக்கி வைத்தால் அடுத்தடுத்த தவணைகளுக்குச் சிக்கல் வரலாம் என்பது உண்மைதான். அதற்குப் பரிகாரம் குடிநீர் வேலையை முடிப்பது. அவசரத்தில் தவறான தலைப்பில் செலவு செய்தால் தணிக்கைத் தடை வரும், தொகையைப் பொறுப்பானவர்களிடமிருந்து வசூலிக்கும் நடவடிக்கையும் வரலாம். ஊருக்கோ தண்ணீர் வராது.

ஆகவே என் பார்வையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஏன் செலவாகவில்லை என்பதே. வனத்துறை நிலம் என்ற காரணத்துக்குச் சட்டத்தில் நேரான விடை இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2), பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குளம், குடிநீர் வழங்கல், குழாய்ப் பாதை, சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு வன நிலத்தைத் தர அனுமதிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். டெல்லிக்கோ சென்னைக்கோ கோப்பு போக வேண்டியதில்லை. மாவட்ட வன அலுவலர் அளவில் முடிவாகும். அவர் ஒப்பவில்லை என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு முடிவு செய்யும். இந்தச் சட்டத்துக்கு ஐந்தாவது அட்டவணைப் பகுதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கொல்லிமலைக்கு முழுமையாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் வன உரிமைப் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. அதனாலோ என்னவோ, இந்தப் பிரிவை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கமே பல அலுவலகங்களில் வரவில்லை. உங்கள் ஊராட்சி இந்தப் பிரிவில் விண்ணப்பமே கொடுக்காமல் ‘வனத்துறை விடவில்லை’ என்று சொல்லியிருக்குமானால், தடை வனத்துறையிடம் இல்லை.

டெண்டருக்கு ஆள் வராதது வேறு கதை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, அதன்பின் வண்டி போகாத பட்டிக்குச் சிமென்டும் குழாயும் தலைச்சுமையாகப் போக வேண்டும். கீழ்நாட்டு விலையில் மதிப்பீடு போட்டால் யார் எடுப்பார்? சுமைக் கூலியைச் சேர்த்து மதிப்பீட்டைத் திருத்தி மறு டெண்டர் விடச் சொல்லுங்கள்.

ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரசவ வலியில் தூளியில் தூக்கிவர வேண்டிய பட்டிக்கு ரோடும் தண்ணீரளவு அவசரம்தான். அதைக் கட்டுப்பாடற்ற 40 சதவீதத்திலோ ஊராட்சியின் சொந்த நிதியிலோ சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ கேளுங்கள், தடை கிடையாது.

வேறு ஊராட்சிக்கு மாற்றுவது பற்றி: ஒவ்வொரு ஊராட்சியும் தனிச் சட்ட ஆளுமை. அதன் பங்கு மாநில நிதி ஆணையச் சூத்திரப்படியோ மக்கள்தொகை, பரப்பளவு கணக்கிலோ தனித்தனியாக வருவது. ஒன்றின் இருப்பை இன்னொன்றுக்குத் தூக்கிக் கொடுக்க வட்டார அலுவலகத்துக்கு அதிகாரமில்லை. மலைக்கான பணம் கீழே இறங்கிவிடும் என்ற உங்கள் பயம் வெறும் கற்பனை என்றும் சொல்லமாட்டேன். டெல்லியில் பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்ட நிதி 2010 காமன்வெல்த் விளையாட்டுப் பணிகளுக்குத் திருப்பப்பட்டதை நாடு பார்த்தது. கர்நாடகம் தன் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படித் திருப்ப இடம் கொடுத்த 7(டி) பிரிவை 2023-இல் நீக்க வேண்டிவந்தது.

இப்போது செய்ய வேண்டியது. இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டமும் வரவு செலவும் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றைக் கேளுங்கள்: நோக்கம் கட்டிய மானியத்தின் இன்றைய இருப்பு, டெண்டர் கோப்பு, பிரிவு 3(2)-இன் கீழ் விண்ணப்பம் அனுப்பிய நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபையில் ரோடு தீர்மானம் வந்தால் எதிர்ப்பை வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். எழுத்தில் கொடுத்துத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அதே கூட்டத்தில் வன நிலத்துக்கான பரிந்துரைத் தீர்மானத்தையும் நீங்களே முன்வையுங்கள். எதிர்ப்பைவிட அதுதான் பயன்படும். அதையும் மீறி ரோடு தீர்மானம் நிறைவேறினால், ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியரிடம், 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் பிரிவு 202-இன் கீழ் அதை நிறுத்திவைக்க மனுக் கொடுங்கள். அங்கும் பலன் இல்லை என்றால் சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு. கையில் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம்: சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் பிரிவு 12-இன்படி பழங்குடியினருக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. சாதிச் சான்றிதழோடு நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.