கண் சிவந்தால் எந்த வழி?

முள்ளிக்குளம் போன்ற மன்னார்க் கரையோர ஊர்களில் கடலும் வயலும் சேர்ந்தே சோறு போடுகின்றன. கண்ணுக்கு வரும் வில்லங்கமும் அந்த இரண்டு பக்கத்திலிருந்துந்தான் வருகிறது. சோளகத்தில் மணலும் உப்புத் தூவானமும் விழும். சூடடிப்பில் உமி தெறிக்கும். எதனால் ஆனாலும் கண் ஒரே மாதிரித்தான் சிவக்கும். அதனால் கழுவிவிட்டுப் பொறுத்திருப்பதா, பாமசியில் சொட்டு மருந்து வாங்குவதா, வைத்தியசாலைக்குப் போவதா என்பதைச் சிவப்பின் அளவை வைத்து முடிவுசெய்யக் கூடாது. கண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் கேள்வி.

காற்றும் தூசும் தந்த எரிச்சலுக்குச் சுத்தமான தண்ணீர் போதும். இரண்டு கண்ணும் அரித்துக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை, கசக்கினால் கூடும். வீட்டில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கும் பரவுகிற கண்நோய், தமிழ்நாட்டார் 'மெட்ராஸ் ஐ' என்பது, அனேகமாக வைரசால் வருவது. அதற்கு அன்டிபயோட்டிக் சொட்டு வேலை செய்யாது. துவாயைத் தனியாக வைத்து, கையைக் கழுவி, ஓரிரு வாரம் பொறுக்க வேண்டியதுதான். சரி, பீளை கட்டும் கண்ணுக்காவது மருந்து வேண்டாமா? 2005இல் வெளியான ஒக்ஸ்போர்ட் ஆய்வில் 326 பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் குளோரம்பெனிக்கோல் என்ற அன்டிபயோட்டிக் சொட்டு, பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஏழாம் நாள் குணமானோர் மருந்தில் நூற்றுக்கு 86, வெறும் சொட்டில் 83. அந்த மூன்றுக்காக ஒரு போத்தல் வாங்குவது அவரவர் விருப்பம். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கு மட்டும் இந்தக் கணக்குச் செல்லாது, உடனே வைத்தியசாலைதான்.

ஆனால் நெல்லோ முள்ளோ கீறிய கண்ணில் அதே குளோரம்பெனிக்கோல் பார்வையைக் காக்கிறது. நேபாளத்தின் பக்தபூரில் கருவிழி கீறுண்ட 442 பேருக்கு அதைக் களிம்பாகப் போட்டார்கள். 18 மணித்தியாலத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாள் கழித்து, இரண்டு நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது. மருந்து போடாத குழுவோடு ஒப்பிடாத ஆய்வு என்று குறை சொல்லலாம், அது நியாயமும்கூட. ஆனாலும் தாமதம் கூடக் கூடப் புண் கூடியதை அந்தக் குறை மறைத்துவிடாது.

அப்படியானால் களிம்பை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே, மன்னாருக்கு ஏன் அலைய வேண்டும் என்று கேட்பார்கள். மதுரையில் 1994இல் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்பே கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி பிடிபட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது பூஞ்சணம். பூஞ்சணத்தைக் குளோரம்பெனிக்கோல் கொல்லாது. ஸ்டீரொயிட் கலந்த சொட்டு இன்னும் மோசம்: சிவப்பைக் குறைத்துக்காட்டி, உள்ளே பூஞ்சணத்தை வளரவிடும். பக்கத்து வீட்டில் மிஞ்சிய போத்தலில் எது இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? முலைப்பாலும் பச்சிலைச் சாறும் கீறலுக்குள் புதுக் கிருமியையே கொண்டுபோகலாம்.

தூரம் உண்மைதான். அதனால்தான் எல்லாச் சிவப்புக்கும் பஸ் ஏறச் சொல்லவில்லை. கண்ணில் நெல் அடித்திருந்தால், நோவு கடுமையாக இருந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அன்றைக்கே சிலாவத்துறை வைத்தியசாலைக்காவது போய்க் காட்டுங்கள்.