மரங்கொத்தி மரத்துக்குப் பகையா?

தோப்பில் "டொக், டொக்" என்ற சத்தம் கேட்டதும் மரங்கொத்தியைக் கல்லெறிந்து விரட்டுவோர் உண்டு. இந்தப் பறவையால் மரத்துக்குக் கிடைக்கும் நன்மையை அறிந்தால் விரட்ட மனம் வராது.

விருதுநகரை அடுத்த சூலக்கரை வட்டாரம் போன்ற வறண்ட பகுதிகளில், கிணற்றுப் பாசனத் தென்னையிலும் சாலையோரப் புளி, வேம்பு மரங்களிலும் வசிப்பது பொன்முதுகு மரங்கொத்தி. மைனாவைவிடச் சற்றுப் பெரியது. நீளம் சுமார் 28 செ.மீ. முதுகு பொன்மஞ்சள் நிறம். கறுப்புத் தொண்டையில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். ஆண் பறவைக்கு உச்சந்தலை முழுவதும் சிவப்பு. பெண் பறவைக்கு முன்தலை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். பின்கொண்டை மட்டும் சிவப்பு.

கூரிய நகங்களால் பட்டையைப் பற்றி, விறைப்பான வாலை முட்டுக்கொடுத்து, தத்தித் தத்தி மேலே ஏறும். ஆள் அருகில் வந்தால் மரத்தின் மறுபுறம் ஒளிந்துகொள்ளும். எறும்புகள், வண்டுகள், மரத்தினுள் இருக்கும் புழுக்கள் ஆகியவையே முக்கிய உணவு. அலகால் கொத்தித் துளையிட்டு, நீண்ட, பசையுள்ள நாக்கால் அவற்றை வெளியே இழுத்துத் தின்னும்.

ஆகவே ஒரு தென்னையை இப்பறவை அடிக்கடி கொத்தினால், முதலில் மரத்தைச் சோதிக்க வேண்டும். தண்டில் ஓட்டைகள், அவற்றிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிதல், மென்று துப்பிய நார் ஆகியவை தென்பட்டால் அது சிவப்புக் கூன்வண்டின் வேலை. மரத்தில் காதை வைத்தால் புழு அரிக்கும் சத்தமும் கேட்கலாம். உடனே வேளாண்மை அலுவலரை அணுகிச் சிகிச்சை செய்தால் மரம் பிழைக்க வாய்ப்புண்டு.

மரப் பொந்தில் பெரும்பாலும் 2 அல்லது 3 வெண்ணிற முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் அடைகாக்கும். மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் மைனாவும் புள்ளி ஆந்தையும் குடியேறும். புள்ளி ஆந்தை பூச்சிகளையும் சுண்டெலிகளையும் பிடித்துத் தின்னும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை: வரப்பு ஓரத்து வேம்பிலோ புளியிலோ காய்ந்த கிளை இருந்தால், ஆட்களுக்கு ஆபத்தில்லாத இடத்தில் ஒன்றையாவது விறகுக்கு வெட்டாமல் விட்டுவைக்கலாம். பட்டுப்போன தென்னையை மட்டும் விட்டுவைக்கக் கூடாது; மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகும். அதை அப்புறப்படுத்துவதே நல்லது. பூச்சிமருந்தைத் தேவைக்கு மேல் தெளிக்கவும் கூடாது. மருந்து பட்ட புழுவைத் தின்னும் பறவைக்கும் அது நஞ்சாகும்.

மரங்கொத்தியைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூலி கேட்காமல் தோப்பில் புழு பொறுக்கும் இப்பறவையைக் காப்பது விவசாயிக்கே லாபம்.