மலிவு விலைக் கருவிகளுக்கு உதிரிப் பாகங்கள்

கன்னிப்பூ அறுவடை முடிந்து, கும்பப்பூ நடவுக்கு வரப்பைச் சீராக்கும் வேளையில் புல்வெட்டும் இயந்திரம் நின்றுவிட்டால் கூலிச் செலவு கூடும். மலிவுக் கருவிகளுக்கு அதே கம்பெனியின் பாகம் கிடைப்பது அரிது. ஆயினும் பேரிங், ஆயில் சீல் போன்றவை பெரும்பாலும் பொது அளவுள்ளவை. பேரிங்கில் 6202 என்றிருந்தால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மில்லிமீட்டர். வேறு கம்பெனியின் 6202-ம் பொருந்தும். எண்ணை அடுத்துள்ள எழுத்துகளையும் குறித்துக்கொள்ளவும். எண் அழிந்திருந்தால் பழைய பாகத்தையே நாகர்கோவில் பேரிங் கடைக்குக் கொண்டுசென்று அளந்து வாங்கவும். ஸ்பார்க் பிளக்கின் மரை நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கக்கூடும், கவனம் தேவை. பிஸ்டன், கார்புரேட்டர் ஆகியவை மாடலுக்கேற்ப மாறுபடும். ஆதலால் இவை கிடைக்குமா என்பதைக் கருவி வாங்குமுன்பே கேட்டறிதல் நலம்.