கடலடியில் சிறு காமிரா

உள்ளங்கையில் அடங்கும் ஆக்ஷன் காமிரா இன்று முக்குளிப்போரிடையே பெருவழக்கில் உள்ளது. முற்காலத்தில் கடலடிப் படம் எளிதில் கைகூடவில்லை. பிரெஞ்சு உயிரியல் அறிஞர் லூயி பூத்தான் 1893-ஆம் ஆண்டில் படமெடுத்தபோது, கனமான நீர்புகாப் பெட்டியைக் கடலில் இறக்கி, ஒரு படத்திற்கு நீண்ட நேரம் ஒளியூட்ட வேண்டியிருந்தது. இன்று அவ்வேலை ஒரு கணத்தில் முடிகிறது. ஆயினும், நீரின் இயல்பு மாறவில்லை. அதனை அறியாது எடுக்கும் படம் அழகாயிருக்கலாம், சான்றாக நில்லாது.

சான்று எதற்கு எனின், இலட்சத்தீவுப் பவளப் பாறைகளை நோக்குக. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் மிகுந்து அங்குப் பவளங்கள் வெளிறின. பவள உயிரியின் திசுவில் வாழும் நுண்பாசிகளே அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருவன. வெப்பம் மிகும்போது அவை வெளியேறுகின்றன. வெண்ணிறச் சுண்ணாம்புக் கூடு திசுவினூடே தெரிகிறது. வெளிறிய பவளம் இறந்த பவளம் அன்று. வெப்பம் விரைவில் தணியுமாயின் அது மீளக்கூடும். ஆகவே அதன் நிறமே நலத்தின் அறிகுறி. காமிராவில் முதலில் பிழைபடுவதும் அந்நிறமே.

நிறம் மறைவது ஏன்?

சூரிய ஒளியிலுள்ள செந்நிறக் கதிர்களை நீர் விரைவில் உறிஞ்சுகிறது. தெளிந்த நீரிலும் 5 மீட்டர் ஆழத்திற்குள் செந்நிறத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும். அடுத்து ஆரஞ்சு, பின்னர் மஞ்சள். ஆழத்தில் எஞ்சுவது நீலமே. இங்கு ஆழத்தை மட்டும் கணக்கிடுதல் போதாது. பவளம் 15 மீட்டர் ஆழத்திலும், காமிரா அதனின்று 3 மீட்டர் தொலைவிலும் இருப்பின், ஒளி கடக்கும் நீர்வழி குறைந்தது 18 மீட்டர். அரை மீட்டர் அண்மையில் விளக்கொளியுடன் எடுப்பின், விளக்கினின்று பவளத்திற்கும் பவளத்தினின்று காமிராவிற்குமாக அவ்வொளி கடப்பது 1 மீட்டரே. இழந்த நிறம் மீள்கிறது.

தண்ணீரின் ஒளிவிலகலும் கருதத்தக்கது. தட்டையான கண்ணாடி முகப்பின் வழியே பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தோன்றும்; காற்றில் 90 பாகையாயுள்ள காட்சிக்கோணம் நீரில் ஏறத்தாழ 64 பாகையாகக் குறுகும். எனவே படத்தில் அளவுகோல் இன்றிப் பவளத்தின் பருமனைக் கூறுதல் இயலாது.

படமெடுக்கும் முறை

1. பொருளுக்கு 1 மீட்டருக்குள் அணுகுக. பவளத்தைத் தொடலாகாது, துடுப்பும் அதன்மீது படலாகாது.

2. விளக்கைக் காமிராவிற்குப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்க. அருகில் வைத்தால், நீரில் மிதக்கும் துகள்கள் ஒளியைத் திருப்பிப் படமெங்கும் வெண்புள்ளிகளாகப் பதியும்.

3. சிவப்பு வடிகண்ணாடி இழந்த செந்நிறத்தைப் படைக்காது. நீலத்தையும் பச்சையையும் குறைப்பதே அதன் வேலை. ஆதலின் ஆழம் குறைந்த, வெயில் புகும் நீரிலேயே அது பயன்படும். விளக்குடன் சேர்த்து அதைப் பயன்படுத்தற்க.

4. தானாக நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை நிறுத்துக. அது படத்திற்குப் படம் மாறுவதால் சென்ற ஆண்டுப் படத்தை இவ்வாண்டுப் படத்துடன் ஒப்பிட முடியாது போகும். சாம்பல்நிற அட்டையும் அளவுகோலும் சட்டகத்துள் இருக்கட்டும். இவையின்றேல், வெளிறிய பவளம் நீலச் சாயலால் நலமானதாகவும், மிகையொளி பட்ட நலமான பவளம் வெளிறியதாகவும் தோன்றக்கூடும்.

5. பல காமிராக்கள் உறையின்றி 10 மீட்டர் ஆழம் வரையே தாங்குவன. அதற்குக் கீழே நீர்புகா உறை வேண்டும். உறையின் ரப்பர் வளையத்தில் ஒரு மயிரோ மணலோ இருந்தாலும் நீர் கசியும். கடலினின்று ஏறியதும் உறையைத் திறவாமலே நன்னீரில் ஊறவைக்க.

முக்குளிப்போர் உயிர்க்காப்பு

படம் அசையாதிருக்க மூச்சை அடக்குதல் தரையில் பழக்கமான செயல். ஸ்கூபா கருவியுடன் முக்குளிப்போர்க்கு அது பேரிடர். நீரின் அழுத்தம் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு மிகுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால் அக்காற்று இருமடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழிக்கும். ஓரிரு மீட்டர் எழுச்சியும் தீங்கிழைக்கலாம். ஆகவே சீராக மூச்சுவிடுக. நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலேறுக. காமிராத் திரையையே நோக்கியிராது, காற்றளவுமானியையும் துணைவரையும் அடிக்கடி பார்த்துக்கொள்க. நீரில் மிதந்து ஒரே நிலையில் நிற்கும் பயிற்சி கைவராதவர் காமிராவைக் கரையில் வைத்துச் செல்வதே முறை.

இவ்விதிகளின்படி, ஒரே இடத்தில், ஒரே தொலைவில், நாளும் ஆழமும் குறித்து ஆண்டுதோறும் எடுக்கப்படும் படங்கள், எப்பவளம் மீண்டது, எது அழிந்தது என்பதை உரைக்கும். விலையுயர்ந்த காமிராவினும் இவ்வொழுங்கே ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாகும்.