முழு விடையையும் இலவசமாகச் சொல்லுங்கள்

வீட்டு முன்னறையில் ஒரு பிரேம், நாலைந்து மாணவிகள் என்று ஆரி வேலை கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பெண்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது ஆன்லைன் வகுப்பும் எடுக்கிறார்கள். குட்டி வீடியோக்களுக்கான டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று தடைசெய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவில் அறிமுகமாயின. ஆன்லைன் வகுப்பு எடுப்பவருக்கு மாணவிகள் வந்து எட்டிப்பார்க்கும் வாசல் அந்தக் குட்டி வீடியோதான். ஆனால் வீடியோ லட்சம் பேரிடம் போயும் கட்டண வகுப்பில் சேர நாலு பேர் வரவில்லையே என்ற கவலை பலருக்கு இருக்கிறது. ஆரி ஆசிரியரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். கேக், தையல், யோகா, ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருபவர்களும் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு பயத்தைப் பேசித் தீர்க்க வேண்டும். ‘எல்லாத்தையும் வீடியோலயே சொல்லிட்டா, காசு கொடுத்து யார் வருவாங்க?’ இந்தப் பயத்தில்தான் பலர் பாதி சொல்லிவிட்டு, மீதியை வகுப்பில் சொல்கிறேன் என்று நிறுத்துகிறார்கள். பார்ப்பவருக்கு ஏமாந்த உணர்வுதான் மிஞ்சும். அடுத்த வீடியோவைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். கைத்தொழிலைக் கேட்டு மட்டும் யாரும் கற்றுக்கொண்டதில்லை. சங்கிலித் தையலை ஆயிரம் முறை பார்த்தாலும், தன் கை எங்கே தவறுகிறது என்று கற்பவருக்குத் தெரியாது. அதை ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் விற்பது அந்தத் திருத்தத்தைத்தான். ஆகவே விடையை முழுசாக இலவசமாகக் கொடுங்கள். அவருடைய கையைப் பார்த்துத் திருத்துவதற்குக் கட்டணம் வாங்குங்கள்.

ஒரு வீடியோவுக்கு ஒரு சந்தேகம் போதும். புதிதாக ஆரி ஊசி பிடிப்பவர்கள் எல்லாரும் முட்டி நிற்கும் இடம், ஊசியை மேலே எடுக்கும்போது கொக்கி துணியில் மாட்டிக்கொள்வது. இதை நாற்பது நொடியில் தீர்க்கலாம். முதல் காட்சியிலேயே கொக்கி மாட்டித் துணி இழுபடுவதைக் காட்டுங்கள். வணக்கம், என் பேர், என் சேனல் எதுவும் வேண்டாம். “ஊசி மேல வரும்போது இப்படி மாட்டுதா? ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, துணி தொளதொளன்னு இருக்கா? தட்டினா டப்புனு சத்தம் வர்ற அளவுக்கு இறுக்கிக் கட்டுங்க. ரெண்டாவது, கீழ நூலை மாட்டினதும் ஊசியை அரைச் சுத்து திருப்புங்க. கொக்கிக்கு எதிர்ப்பக்கமா துணியை லேசாத் தள்ளிக்கிட்டே மேல எடுங்க.” பிறகு அதையே மெதுவாக ஒருமுறை, வழக்கமான வேகத்தில் ஒருமுறை செய்து காட்டுங்கள். கடைசியில், “நாளைக்கு உங்க கைல வந்துச்சான்னு கமெண்ட்ல சொல்லுங்க.” அவ்வளவுதான். இதில் வகுப்பு விளம்பரம் ஒரு சொல்கூட இல்லை, கவனியுங்கள். ஆனாலும் அன்று இரவு பிரேமை எடுத்து உட்கார்ந்து, கொக்கி மாட்டாமல் பத்துத் தையல் போட்டுவிட்ட ஒரு பெண், உங்களை ஆசிரியராக ஏற்றுக்கொண்டுவிட்டார்.

அடுத்த வீடியோவை அவரே கொடுப்பார். “அக்கா, கொக்கி சரியாயிடுச்சு, ஆனா எனக்கு லூப் பெருசு பெருசா நிக்குது” என்று கமெண்ட் வரும். கீழே நூலைப் பிடிக்கும் கை தளர்ந்திருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் கமெண்டையே திரையில் வைத்துப் பதில் வீடியோ எடுங்கள். கேட்டவருக்குப் பதில் கிடைக்கும் என்பதை மற்றவர்களும் பார்க்கிறார்கள். கட்டண வகுப்பில் சேரத் தயங்குபவரின் மனதில் ஓடும் கேள்வியே அதுதான்: பணம் கட்டிய பிறகு இவர் பதில் சொல்வாரா?

படப்பிடிப்புக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஜன்னல் வெளிச்சம், பிரேமுக்கு மேலே அசையாத ஒரு ஸ்டாண்ட், போனை நட்டுக்குத்தலாக வைத்த 9:16 அளவு போதும். முகம் காட்ட விருப்பமில்லையா, கையை மட்டும் காட்டுங்கள். ஆனால் குரல் உங்களுடையதாக, உங்கள் ஊர்ப் பேச்சாக இருக்கட்டும். பஸ்ஸிலும் ஆபீஸிலும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு என்பதால் தமிழில் எழுத்து போடுங்கள். அதைத் திரையின் அடியில் போட்டால் சேனல் பெயரும் தலைப்பும் மறைத்துவிடும். நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள்.

இப்போது விலை. ‘எவ்ளோ சிஸ்டர்?’ என்று கேட்டால் ‘டிஎம் பண்ணுங்க’ என்று பதில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஆளுக்கொரு விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகம் அந்த இடத்திலேயே முளைக்கிறது. இன்பாக்ஸில் போனால் விடாமல் துரத்துவார்களோ என்ற அச்சமும் சேர்கிறது. வகுப்பை அறிவிக்கும் வீடியோவிலேயே சொல்லுங்கள்: கட்டணம் இவ்வளவு, எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை நேரடி வகுப்பு, ஊசியும் பிரேமும் நூலும் கட்டணத்தில் சேருமா சேராதா, ஒரு வகுப்பைத் தவறவிட்டால் பதிவு கிடைக்குமா, பாதியில் நின்றால் பணம் திரும்புமா. கட்டுப்படியாகாதவர் விலகுவார், அவரோடு இன்பாக்ஸில் பேசிச் செலவாகும் நேரம் உங்களுக்கு மிச்சம்.

இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டியது வருமான வாக்குறுதியைப் பற்றி. ‘வீட்டிலிருந்தே மாதம் 50,000’ என்ற தலைப்பு வியூஸ் கொண்டுவரும், மறுக்கவில்லை. ஆனால் அதை நம்பி, வீட்டில் அனுமதி கேட்டு, சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக் கட்டும் பெண்கள் இருக்கிறார்கள். கல்யாண பிளவுஸ் ஆர்டர் கைத்திறனோடு ஊரையும் முகூர்த்த மாதங்களையும் வாய்வழிப் பேரையும் பொறுத்தது. அதை அப்படியே சொல்லுங்கள். வேண்டுமானால் ஒரு மாணவியின் முதல் வாரத் துணியையும் எட்டாவது வாரத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், அவர் சம்மதம் வாங்கிக்கொண்டு. முதல் வாரக் கோணல் தையல் திரையில் இருந்தால்தான் எட்டாவது வாரத் தையலை நம்புவார்கள்.

‘இன்னும் 2 இடம்தான்’, ‘இன்று இரவோடு சலுகை முடிகிறது’ என்று தினமும் போடுவதும் இதே வகை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள், ஆன்லைன் விற்பனையில் ஆளை மயக்கும் 13 உத்திகளைத் தடைசெய்கின்றன. பொய்யான அவசரம் அவற்றில் ஒன்று. விற்பவரையும் விளம்பரம் செய்பவரையும் அவை கட்டுப்படுத்தும். உண்மையிலேயே பதினைந்து பேருக்கு மேல் கவனிக்க முடியாது என்றால் அதையும் காரணத்தையும் சொல்லுங்கள், தவறில்லை.

வீடியோ பார்த்தவர் வகுப்புக்கு வந்துசேரும் வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் விவரப் பகுதியிலும் கமெண்டிலும் போடும் லிங்க்குகளை அழுத்தித் திறக்க முடியாது. இது தெரியாமல் இன்றும் அங்கே வாட்ஸ்அப் லிங்க் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஷார்ட்ஸில் ‘தொடர்புடைய வீடியோ’வாக உங்கள் நீண்ட வீடியோ ஒன்றை இணையுங்கள். வகுப்பு முழு விவரமும் அதில் இருக்கட்டும். இன்ஸ்டாகிராமில் புரொஃபைலில் ஒரே ஒரு லிங்க் வையுங்கள், அது வாட்ஸ்அப் பிசினஸுக்குப் போகட்டும். அங்கே கேட்லாகில் வகுப்பு, கட்டணம், தேதி மூன்றும் இருக்கட்டும்.

வியூஸைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூவாக எண்ணப்படுகிறது. ஒரு நொடியில் தள்ளிவிட்டவரும் அதில் அடக்கம். எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள், எத்தனை பேர் தோழிக்கு அனுப்பினார்கள், எத்தனை பேர் செய்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து எழுதினார்கள் என்பதைக் குறித்துவையுங்கள். ஷார்ட்ஸ் வழியாக விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும் 90 நாளில் 1 கோடி பார்வைகளும் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2,000 ரூபாய் வகுப்பில் 15 பேர் சேர்ந்தால் 30,000 ரூபாய். அந்தப் பதினைந்து பேர் ஐநூறு பேர் பார்த்த வீடியோவிலிருந்தும் வரலாம்.

எப்போது வகுப்பை அறிவிப்பது? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. பிளவுஸ் ஆர்டர் குறையும், கை கொஞ்சம் ஓயும். அந்த மாதங்களில் வீடியோக்களைச் சேர்த்து எடுத்து வையுங்கள், வகுப்பையும் அப்போதே தொடங்குங்கள். அறிவிப்புக்கு முந்தைய மூன்று நாலு வாரம் சந்தேகம் தீர்க்கும் வீடியோக்கள் மட்டும் போகட்டும். பிறகு ஒரே வாரம் வகுப்பைப் பற்றிப் பேசுங்கள். இடம் நிரம்பிவிட்டால், நிரம்பிவிட்டது, அடுத்தது இன்ன மாதம் என்று ஒரு வீடியோ போட்டுவிட்டு, மறுநாளே நூல் சிக்கலுக்கும் கோணல் தையலுக்கும் திரும்புங்கள்.