தீவகத்துச் சரக்குப் படகுகளைப் படம் எடுப்போம்: முழுமையான வழிகாட்டி

மலைநாட்டு ரயில் பாதையில் கேமராவோடு வளைவுக்கு வளைவு காத்திருப்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணத் தீவகத்தில் தண்டவாளமே கிடையாது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அரிசி மூட்டை, சீமெந்து, எரிவாயுச் சிலிண்டர் எல்லாம் படகில்தான் போகின்றன. அதைப் படம் எடுக்கத்தான் புறப்படுகிறோம்.

எப்படிப் போவது?

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் ஏறுவோம். பண்ணைப் பாலம், வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு தாண்டி, இந்தத் தீவுகளுக்குப் படகு கிளம்பும் இறங்குதுறையில் வீதி முடிகிறது. நேரம் இருந்தால் இன்னொரு நாள் ஊர்காவற்றுறைக்கும் போகலாம். காரைநகருக்குப் போகும் ‘பாதை’ என்னும் மிதவையில் மோட்டார் சைக்கிள்கள் ஏறுவதும், பின்னால் கடற்கோட்டை தெரிவதும் ஒரே படத்தில் அடங்கும்.

எப்போது?

மாசி, பங்குனியில் கடல் அமைதி. வைகாசியில் சோளகக் காற்று எழுந்தால் அலை படகுக்குள் தெறிக்கும்; படம் அழகு, கேமராவுக்கு ஆபத்து. துறை மேற்கே பார்த்தது என்பதால் காலையில் வெயில் நமக்குப் பின்னால் இருக்கும். முகங்களுக்குக் காலை நல்லது, நிழலுருவங்களுக்கு மாலை.

எடுக்கும் முறை

புதியவர்கள் படகு கிளம்பிய பிறகுதான் கேமராவைத் தூக்குவார்கள். என் கணக்கில், படகு கிளம்பினால் பாதிக் கதை முடிந்தது. மூட்டை கைமாறுவது, மோட்டார் சைக்கிளை நாலு பேர் தூக்கி இறக்குவது, மேல்தட்டில் சைக்கிளைக் கட்டுவது எல்லாம் கரையிலேயே நடக்கின்றன. ஆகவே முதல் படகை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்போம். சுமை வரும் வழி புரிந்ததும் அதற்குக் குறுக்கே நிற்காத ஓர் இடம் பிடிப்போம். ஷட்டர் 1/500-க்குக் குறையாமல் இருக்கட்டும். தூரத்துப் படகுக்கு 70-300 லென்ஸ் போதும். கைபேசி மட்டும் இருந்தால் கிட்டப் போவோம்.

“அண்ணை, ஒரு படம் எடுக்கலாமோ?” என்று கேட்டுவிட்டு எடுப்பது முறை. நெடுந்தீவுக்காரரிடம் குமுதினி படகைப் பற்றிப் பேச நேர்ந்தால் நிதானம் வேண்டும். 1985 மே 15 அன்று அதில் பயணித்தவர்கள் கடலில் கொல்லப்பட்டார்கள்.

எவ்வளவு செலவு?

பஸ்ஸும் படகும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் ஆயிரங்கள். மிச்சப் பணத்தில் நீர் புகாத பை ஒன்று வாங்குங்கள். உப்புக்காற்று லென்ஸை விடாது. திரும்பியதும் ஈரத்துணியால் துடைப்பதும் கட்டாயம்.

கவனம்

கடற்படை முகாம்களையும் காவலரண்களையும் எடுக்கக்கூடாது. ட்ரோனுக்கு முன் அனுமதி தேவை. படகில் உயிர்காப்பு அங்கியைப் போட்டு, அதற்கு மேலே கேமரா வாரை மாட்டுங்கள். படகு நேரங்கள் மாறும். நெடுந்தீவுக்குப் போவதென்றால், திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறுமுன்பே கேட்டுவிடுங்கள்.